ஏக் மோர்த் போன நாள்

நீம், பிரான்ஸ்
09.02.2025

அன்புள்ள துசாந்தனின் அம்மாவுக்கு,

மின்ஹாஜ் எழுதுவது. நீங்களும் விதுசா தங்கச்சியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். ஊரில் மழை விட்டுவிட்டது என்று உம்மா போனில் சொன்னா. இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

என்னை நினைவிருக்குமோ தெரியாது. ஓட்டமாவடி என் ஊர். ஏக் மோர்த் ஊரில் உங்கள் மகனுடன் நாலு வருடம் ஒரே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, ஒரே அறையில் இருந்தவன். அவன் போய்விட்டான் என்ற செய்தியை உங்களுக்குப் போனில் சொன்னவனும் நான்தான். வருகிற ஜூனோடு ஆறு வருடம். அதற்குப் பிறகு இரண்டு தரம் உங்களுக்கு எடுத்தேன். இரண்டு தரமும் நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டோம். அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் வாகரைத் தபாலகத்தில் வேலை செய்தவர் என்பதில் துசாந்தனுக்குப் பெரிய பெருமை. "அம்மாட கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இரிக்கும் மச்சான்" என்பான்.

அப்போது எனக்கு இங்கே விசா இல்லை. அவன் உடலோடு கூட வர முடியவில்லை. இப்போது வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. நீம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் கைறுன்னிஸாவைக் கல்யாணம் முடித்தேன். அவவும் எங்கள் ஊர்தான். வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது.

அம்மா, ஒரு தரம் இங்கே வாருங்கள். மூன்று கிழமை எங்களோடு நில்லுங்கள். கடதாசி வேலை எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களைக் கூட்டி வந்து இந்த நாட்டைக் காட்ட வேண்டும் என்று துசாந்தன் அடிக்கடி சொல்வான். அதை நான் செய்வதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

விருப்பம் இல்லாவிட்டாலும் இரண்டு வரி எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகனின் கூட்டாளி,
மின்ஹாஜ்

*

பனிச்சங்கேணி
03.03.2025

அன்புள்ள தம்பி மின்ஹாஜுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்களும் உங்கள் மனைவியும் நோய் நொடியில்லாமல் இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன். எங்கள் பாடு குறையில்லை. எனக்கு முழங்கால் மட்டும் சொல் கேட்பதில்லை.

நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அவனுடைய பெட்டி இங்கே வந்தபோது உடுப்பெல்லாம் தோய்த்து, அழுத்தி, மடித்து இருந்தது. என் மகன் தன் உடுப்பை ஒருநாளும் மடித்தவனில்லை. யாரோ ஒரு பிள்ளை இருந்து இதைச் செய்திருக்கிறது என்று அன்றைக்கே விளங்கியது. அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்ல எனக்கு ஆறு வருடம் எடுத்திருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

வரத்தான் விருப்பம். பயமாகவும் இருக்கிறது. கொழும்புக்கு அங்கால் நான் போனதில்லை. விதுசாவிடம் சொன்னேன். "போங்கம்மா, போய்ப் பாத்தாத்தான் உங்களுக்கு ஆறும்" என்றாள். அவள் சொன்ன பிறகு எனக்கு வேறு யாரைக் கேட்பது?

எனக்குப் பெரிய இடங்கள் ஒன்றும் காட்ட வேண்டாம். அவன் இருந்த அறை, வேலை செய்த கடை, போய்வந்த ரோடு, இவற்றைப் பார்த்தால் போதும். அந்த ஊரில் அவன் எந்தத் தெருவில் இருந்தான்? உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கைறுன்னிஸா பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை

*

நீம்
06.04.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் வருவதாக எழுதியதைக் கைறுன்னிஸாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவ இப்போதே அறைக்குத் திரைச்சீலை தைக்கிறா. முழங்காலுக்கு நல்ல தைலம் இங்கே இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நகரசபை தந்த அழைப்புப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். செப்டம்பர் மாதம் நல்லது. வெயிலும் இராது, குளிரும் இராது.

நீம் நகரத்தில் ரோமர் காலத்து வட்ட அரங்கு ஒன்று இன்னும் இடியாமல் நிற்கிறது. பக்கத்தில் ஆற்றுக்கு மேலே மூன்று அடுக்காகக் கட்டிய பழைய பாலம் இருக்கிறது. மார்செய் போனால் பெரிய கடல். எல்லாம் காட்டுவேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் காட்டுவேன்.

மற்ற விசயங்களை வந்த பிறகு பார்க்கலாம். அங்கெல்லாம் இப்போது நிறைய மாறிவிட்டது என்று சொல்கிறார்கள்.

கவனமாக இருங்கள் அம்மா. உங்கள் சம்மதத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அன்புடன்,
மின்ஹாஜ்

*

பனிச்சங்கேணி
21.06.2025

அன்புள்ள மின்ஹாஜுக்கும் கைறுன்னிஸாவுக்கும்,

நீங்கள் இரண்டு பேரும் நலமாயிருக்க வேண்டும். இங்கே கச்சான் காற்று வீட்டுக் கூரையைப் பிய்க்கிறது. அதைத் தவிர சுகம்.

விசா கிடைத்துவிட்டது. கொழும்பில் விசாக் கந்தோரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. தமிழில்தான் கேட்டாள்.

"உங்கள கூப்பிடுறவர் உங்களுக்கு என்ன முறை?"

"முறை ஒண்டுமில்ல மனே. என்ட மகன்ட கூட்டாளி."

"மகன் பிரான்ஸில இருக்கிறாரா?"

"இருந்தவர்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க என்னத்துக்கு அம்மா போறீங்க?"

"அவன் நடந்த ரோட்டப் பாக்க."

கடதாசியில் இருந்த பெட்டிகளைப் பேனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு 'சுற்றுலா' என்று எழுதினாள். "இதுல வேற பெட்டி இல்ல அம்மா" என்றாள்.

நாலாம் திகதி துசாந்தனுக்கு ஆறாம் ஆண்டுத் திவசம் கொடுத்தோம். பத்துப் பேருக்குச் சோறு. அன்றைக்கு உங்கள் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன்.

போன கடிதத்தில் அந்தத் தெருவின் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, நேரே காட்டுங்கள்.

உங்களுக்கு எள்ளுருண்டை செய்து கொண்டு வருகிறேன். விமானத்தில் விடுவார்களா?

சீதேவிப்பிள்ளை

*

நீம்
26.09.2025, காலை

மகன் மின்ஹாஜ்,

நீ வேலைக்குப் போன பிறகு இதைச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறேன். நாளைக்குப் பயணம். ஏக் மோர்த்துக்கு என்னைக் கூட்டிப் போகும்படி கைறுன்னிஸாவை நான்தான் நெருக்கினேன். அவளை ஒன்றும் சொல்லாதே. பின்னேர ரயிலில் திரும்பி வந்துவிடுவோம். சோறும் பருப்பும் அடுப்பில் மூடி இருக்கிறது. சாப்பிடு.

அம்மா

*

பனிச்சங்கேணி
09.10.2025

அன்பு மகன் மின்ஹாஜுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் கைறுன்னிஸாவும் சுகம்தானே? நீ தந்த தைலத்தை விதுசாவும் பூசுகிறாள். அவளுக்கு முழங்காலில் ஒரு நோவும் இல்லை. வாசம் பிடித்திருக்கிறதாம்.

மூன்று கிழமையும் என்னைத் தரையில் விடாமல் பார்த்துக்கொண்டாய். அரங்கு, பாலம், மார்செய்க் கடல் ஒன்றையும் விடவில்லை. ஏக் மோர்த்தை மட்டும் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றாய். கடைசி நாள் போய்விட்டு வந்தபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. விமான நிலையத்திலும் கேட்கவில்லை. உனக்கு அந்த ஊரை நினைக்கவே கஷ்டம் என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் நான் கண்டதை உனக்குச் சொல்லாவிட்டால் கண்டது மாதிரி இல்லை. எழுதுகிறேன்.

ரயிலால் இறங்கியதும் மதில்தான் தெரிந்தது. மட்டக்களப்புக் கோட்டையைப் பத்து மடங்காக்கி, உள்ளே ஒரு ஊரையே வைத்து மூடியது போல. எழுநூறு வருடத்துக்கும் மேலே என்று கைறுன்னிஸா சொன்னாள். ஏக் மோர்த் என்றால் செத்த தண்ணி என்று அர்த்தமாம். எனக்குத் திக்கென்றது. "அது ஓடாத தண்ணியச் சொல்ற பேர் அம்மா. நம்மட ஆறு மாதிரி" என்றாள். பிறகு சரியாகிவிட்டது. எங்கள் ஆறும் மாரி வந்து முகத்துவாரம் வெட்டும் வரைக்கும் ஓடாதுதானே.

முதலில் மூலையில் இருக்கும் அந்த உருண்டைக் கோபுரம். முழங்கால் நொந்தாலும் ஏறினேன். பழைய காலத்தில் வேறு விதமாகக் கடவுளைக் கும்பிட்ட பெண்களை உள்ளே அடைத்து வைத்தார்களாம். ஒருத்தி முப்பத்தெட்டு வருடம் இருந்தாளாம். 'இனி அப்படிக் கும்பிட மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். சொல்லவில்லை. தரையில் ஒரு வட்டக் கல்லில் ஏதோ கீறி இருந்தது. "விட்டுக் குடுக்காத எண்ட மாதிரி ஒரு சொல் அம்மா" என்றாள். அந்தப் பெண்ணின் தாய் அப்போது உயிரோடு இருந்தாளா என்று கேட்டேன். கைறுன்னிஸாவுக்குத் தெரியவில்லை.

துசாந்தன் இந்தக் கோபுரத்தில் ஏறியிருப்பானோ? ஏறியிருக்க மாட்டான். அவனுக்குப் படியென்றால் பஞ்சி, சோம்பேறி.

மதிலுக்கு மேலே நடந்தோம். ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகள், மற்றப் பக்கம் உப்பளம். உப்பை மலை மாதிரிக் குவித்திருக்கிறார்கள். பாத்தித் தண்ணீர் ரோசாப்பூ நிறம். அதில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. "இஞ்ச மணம் நம்மட ஊர் மாதிரித்தான் அம்மா" என்று அவன் போனில் சொல்வான். நான் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அந்தக் காற்றில் கனநேரம் நின்றேன். நான் அழுவேன் என்று கைறுன்னிஸா கைலேஞ்சியை எடுத்து வைத்திருந்தாள். அழுகை வரவில்லை மகன். வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது.

பிறகு கடையைத் தேடினோம். கோயிலடி முற்றத்தைத் தாண்டி, சின்னத் தெருவில், நீல நிறக் கதவு. உள்ளே ஒரு வயதான அம்மா கத்தி துடைத்துக்கொண்டிருந்தா. கைறுன்னிஸா அவனுடைய பெயரைச் சொன்னதும் கத்தியை வைத்துவிட்டு வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. ஒடெத் என்று பெயர். கடை அவவுடையது. உனக்குத் தெரியாததா?

துசாந்தன் திங்கட்கிழமைகளில் கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் நண்டுக்கறி வைத்துக் கொடுப்பானாம். நான் சிரித்துவிட்டேன். வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட அலம்பி வைக்காதவன்! "யாரிட்டப் படிச்சானாம் எண்டு கேள் மனே" என்றேன். "அம்மா வைக்கிறதப் பாத்துக்கிட்டே இரிப்பன் எண்டு சொன்னவராம்" என்றாள். பார்த்துக்கொண்டு இருந்தானா? நான் அவன் பசியில் நிற்கிறான் என்றல்லவா நினைத்தேன்.

ஆரஞ்சுத் தோடம்பூ மணக்கிற சீனிப் பாண் ஒன்று தந்தா. அந்த ஊருக்கே உரியதாம். அவன் ஒரே இருப்பில் இரண்டு துண்டு தின்பானாம். நானும் இரண்டு தின்றேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா இருந்து நிறையப் பேசினா. கண்ணீர் வடிய வடியப் பேசினா. கைறுன்னிஸா பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

"என்னவாம் புள்ள?"

"உங்கட மகன் நல்ல பிள்ளையாம் அம்மா."

"இவ்வளவு நேரமும் இதத்தானா சொன்னா?"

"ஓம்... எனக்கும் பிரெஞ்சு முழுக்க விளங்காது அம்மா."

உன்னையும் அந்த அம்மாவுக்கு நல்ல நினைவு போல. பேச்சுக்கு நடுவே உன் பெயர் மூன்று தரம் வந்தது.

அறை இருந்த வீட்டை வெளியில் நின்று பார்த்தோம். மேலே சின்ன ஜன்னல். அவன் விழுந்த இடம் எது என்று கேட்டேன். கால்வாய் ரோட்டில் என்று மட்டும்தான் தெரியும், சரியான இடம் உனக்குத்தான் தெரியும் என்றாள். அதனால் ரோட்டின் தொடக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மகன், நான் வரும்போது என்னிடம் இருந்தது ஒரு மூடின சவப்பெட்டியின் நினைவும் ஒரு படமும்தான். திரும்பும்போது ஒரு ஊர் இருக்கிறது, காற்று இருக்கிறது, அவனை நினைத்து அழுகிற இன்னொரு பெண் இருக்கிறா. இதெல்லாம் நீ தந்தது. உனக்கு நான் என்ன செய்வேன்?

அன்பு அம்மா,
சீதேவிப்பிள்ளை

*

நீம்
02.11.2025

அம்மாவுக்கு,

நீங்கள் சுகமாக வந்து சேர்ந்தது சந்தோசம். எங்களுக்கும் சுகம்.

மதாம் ஒடெத் என் பெயரை ஏன் மூன்று தரம் சொன்னா என்று நீங்கள் கேட்கவில்லை. கைறுன்னிஸாவும் உங்களுக்குச் சொல்லவில்லை. அவவுக்கு எல்லாம் விளங்கியது. நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டா.

அம்மா, 2019 ஜூன் நாலாம் திகதி செவ்வாய்க்கிழமை. துசாந்தனுக்குச் செவ்வாய்தான் லீவு. அன்று காலை கால்வாய் ரோட்டால் துறைக்குப் போய்க் கடைக்கு மீன் எடுத்து வருகிற வேலை என்னுடையது. அன்றைக்கு நோன்புப் பெருநாள்.

முதல் நாள் பின்னேரம் நான் புது உடுப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். அவன் கண்டுவிட்டான்.

"என்னடா, உன்ட உம்மா அனுப்பின உடுப்ப உடுக்கிறல்லியா?"

"காலைல ஆறரைக்கு வேலை மச்சான்."

"நான் போறன். எனக்கு நாளைக்குச் சும்மாதானே. நீ பள்ளிக்குப் போய்த் தொழுதுட்டு வா. வரக்குள்ள புரியாணி கொண்டு வா, அது போதும்."

அந்த ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு ஊரில் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் ஓட்டமாவடிப் பக்கம் வருவதில்லை, எங்கள் ஆட்கள் அங்கால் போவதில்லை. நான் அவனிடம் சொன்னேன், "ஊர்ல ஆளுக்காள் கதைக்கிறல்லியாம், நீ எனக்காக வேலைக்குப் போறாய்."

"அது ஊர்ல. அலாரத்த இஞ்சால தா" என்றான்.

நான் எழும்பும்போது அவன் போய்விட்டான். தொழுதுவிட்டு, நண்பர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவனுக்கு ஒரு பார்சலும் கட்டிக்கொண்டு இரண்டு மணிக்கு வந்தேன். வாசலில் பொலிஸ் நின்றது. கால்வாய் ரோட்டில் பின்னால் வந்த வாகனம் அவனுடைய சைக்கிளில் தட்டிவிட்டது. காலை ஆறு பத்துக்கு. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் போயிருக்க வேண்டியவன் நான்.

வேலைக்குப் போகும்போது நடந்தது என்றுதான் உங்களுக்குச் சொன்னேன். அது பொய் இல்லை. உண்மை முழுவதும் இல்லை.

உங்களை அழைத்தது இதைச் சொல்லத்தான். மூன்று கிழமையும் விடியும்போது இன்றைக்குச் சொல்வேன் என்று எழும்புவேன். நீங்கள் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு, "உன்னப் பெத்தவ புண்ணியம் செஞ்சவ" என்பீர்கள். வாய் அடைத்துவிடும். அந்த ஊருக்கு நான் இந்த ஆறு வருடமும் போகவில்லை. உங்களோடு போனால் அந்த ரோட்டில் நடக்க வேண்டும். அதுதான் நாளைக்கு நாளைக்கு என்றேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நன்றி எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இனி நீங்கள் எழுதாவிட்டாலும் நான் குறை நினைக்க மாட்டேன்.

மின்ஹாஜ்

*

நீம்
21.12.2025

அம்மாவுக்கு,

புயலும் வெள்ளமும் என்று செய்தியில் பார்த்தோம். வாகரைப் பக்கம் ரோடு அறுந்து கிடக்கிறது என்று உம்மா சொன்னா. விதுசாவின் போன் வேலை செய்யவில்லை. என் கடிதத்துக்குப் பதில் கேட்டு இதை எழுதவில்லை. நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு, ஈரமில்லாத இடத்தில் இருக்கிறீர்களா என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். கைறுன்னிஸா ஒவ்வொரு நாளும் கேட்கிறா.

மின்ஹாஜ்

*

பனிச்சங்கேணி
30.01.2026

அன்பு மகன் மின்ஹாஜுக்கு,

நானும் விதுசாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். ஆறு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். சுவர் ஒன்றும் விழவில்லை. கைறுன்னிஸாவுக்குச் சொல்லு. உங்களுக்கு அங்கே எப்படி? குளிருக்குக் கவனம்.

உன் கடிதம் வெள்ளத்துக்கு முன்பே வந்துவிட்டது. நவம்பர் பதினெட்டாம் திகதி. தபாலகத்து வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன். முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டடத்தில் மற்றவர்களின் கடிதத்துக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். ஒரு கடிதம் ஆளை எழும்பவிடாமல் செய்யும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். உன்மேல் கோபம் வந்தது. நீ அன்றைக்கு உன் வேலைக்குப் போயிருந்தால் என்று நினைத்தேன். போயிருந்தால் ஓட்டமாவடியில் ஒருத்தி அழுதிருப்பாள், நான் என் பாட்டில் இருந்திருப்பேன் என்றும் நினைத்தேன். ஒரு தரம் இல்லை, பல தரம். வெள்ளத்தில் பள்ளிக்கூடத் தரையில் கிடந்தும் அதையே நினைத்தேன். அப்படிப்பட்ட நினைப்போடு உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாளும் எழுதாததற்கு அதுதான் காரணம். ரோட்டின்மேல் பழி போட மாட்டேன்.

தண்ணீர் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் ஓட்டமாவடிக்குப் போனேன். யாருக்கு அப்படி நினைத்தேனோ, அவவின் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

உன் உம்மா முற்றத்தில் மெத்தையைக் காயப் போட்டுக்கொண்டு நின்றா. உங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியிருக்கிறது. உனக்குச் சொன்னாவா? சொல்லியிருக்க மாட்டா.

"யார தேடுறீங்க?"

"நான் பனிச்சங்கேணி. துசாந்தன்ட அம்மா."

கையில் இருந்த தலையணையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டா. "வாங்க, உள்ளுக்கு வாங்க. என்ட மகன் உங்கட மகன்ட பேரச் சொல்லாம ஒரு நாளும் போன் வெக்கிறல்ல" என்றா. ஈரம் காயாத வீட்டில் அடுப்பு மூட்டி எனக்குச் சோறு ஆக்கினா. கோழி அறுக்கப் போனவவை நான்தான் நிறுத்தினேன். கீரையும் சூடைமீனும் வைத்துத் தந்தா. பக்கத்தில் இருந்து விசிறினா.

சாப்பிட்டு முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டா: "தங்கச்சி, அவன் உங்களோட மனம் விட்டுக் கதைப்பானா? பெருநாள் வந்தா அவனுக்குச் சந்தோசமே இல்ல. ஒவ்வொரு பெருநாளைக்கும் வேலை எண்டு போயிடுவான். மருமகள் தனிய இருந்து சாப்பிடுறாளாம். ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஆனால் உன் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "தெரியாதக்கா, வேலை அப்பிடியாக்கும்" என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் அவவுக்கு நினைத்தது அவவுக்கு வந்திருந்தால், இந்தச் சோற்றை யார் எனக்கு ஆக்கியிருப்பார்? நீ கொண்டுபோய்க் காட்டிய நாடு எனக்கு எங்கே இருந்திருக்கும்? பஸ் ஜன்னலோடு சாய்ந்து அழுதேன். அந்த ஊரில் வராத அழுகை அன்றைக்கு வந்தது.

மகன், இவ்வளவு காலமும் என் பிள்ளை ரோட்டில் அடிபட்டுச் செத்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். "ஐயோ பாவம்" என்பார்கள். ஊரில் ஆளுக்காள் முகம் பார்க்காமல் இருந்த நேரத்தில், தன் கூட்டாளி பெருநாள் தொழ வேண்டும் என்று அலாரம் வைத்து எழும்பிப் போனான் என்று நீதான் சொன்னாய். படியேறப் பஞ்சிப்படுகிற என் பிள்ளை! அவனைப் பெற்றேன், வளர்த்தேன். அவன் எப்படிப்பட்டவனாக வளர்ந்தான் என்று உன் கடிதம் வரும் வரைக்கும் எனக்குத் தெரியாது. இனி யாரும் கேட்டால் பாவம் என்று சொல்ல விட மாட்டேன்.

உரிமை இல்லை என்று எழுதியிருந்தாய். நான் எழுதிய நன்றியை நான் திருப்பி எடுக்கப் போவதில்லை. அதற்கு மேலும் தருகிறேன்.

ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். இந்தப் பெருநாளைக்கு லீவு போடு. புது உடுப்பு உடு, பள்ளிக்குப் போ, கைறுன்னிஸாவோடு இருந்து சாப்பிடு. அது என் மகன் உனக்குத் தந்த நாள். அவன் தந்ததை ஆறு வருடமாக நீ வேலைக்குக் கொடுத்துக்கொண்டு இருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்பு அம்மா,
சீதேவிப்பிள்ளை

*

நீம்
22.03.2026

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நோன்பு மூன்றில் வந்தது. நீங்களும் விதுசாவும் நல்லபடி இருப்பதற்கு அல்ஹம்துலில்லாஹ். கைறுன்னிஸா அழுதுகொண்டே வாசித்துவிட்டு, உடனே என் மேலதிகாரிக்கு லீவுக் கடிதம் எழுதி என் கையில் தந்தா. "கையெழுத்து மட்டும் போடுங்க" என்றா.

வெள்ளிக்கிழமை பெருநாள். தொழுதோம். புது உடுப்போடேயே ரயில் ஏறி ஏக் மோர்த்துக்குப் போனோம். கால்வாய் ரோட்டில் அரை மணி நேரம் நடந்தால் இரண்டு மரங்கள் வரும், அதற்கு இங்கால்தான் அந்த இடம். அன்று பொலிஸோடு போய்ப் பார்த்தது. இப்போது புல் முளைத்து, மஞ்சள் பூப் பூத்துக் கிடக்கிறது. சைக்கிளில் இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். "மச்சான்" என்று கூப்பிட்டேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. கைறுன்னிஸா கையைப் பிடித்துக்கொண்டா. உங்களைக் கூட்டிப் போகாமல் விட்டதற்கு அங்கே நின்று வெட்கப்பட்டேன். அடுத்த தரம் நீங்கள் வரும்போது நான் நடத்திக் கூட்டிப் போவேன்.

பிறகு கடைக்குப் போனோம். மதாம் ஒடெத் என்னைக் கண்டதும் கைத்துணியால் தோளில் அடித்தா. "நாப்பது கிலோமீற்றரில இருந்துகொண்டு ஏழு வருசமா வரல்லியே நீ!" என்று தெருவுக்கே கேட்கச் சத்தம் போட்டா. உங்கள் கடிதத்தில் இருந்ததை அவவுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். பாதியில் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, சமையலறையில் நின்ற எல்லோரையும் கூப்பிட்டு, முதலில் இருந்து சொல்லச் சொன்னா. துசாந்தனை அறியாத புதுப் பிள்ளைகளும் நின்று கேட்டார்கள்.

இரவு வீட்டில் உம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டா. பிறகு, "அந்தப் பொம்புள தெரியாதெண்டு சொல்லிட்டுப் போனாளேடா" என்று சொல்லி அழுதா. அடுத்த கிழமை உங்களிடம் வருகிறாவாம். கோழியோடு வருவா. இந்தத் தரம் தடுக்க வேண்டாம்.

ஓகஸ்ட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஊருக்கு வருகிறோம்.

பெருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு நடுவே கைறுன்னிஸா துசாந்தனுக்கென்று மூன்றாவது சோற்றுக் கோப்பை ஒன்றும் வைத்து, அதிலும் புரியாணி போட்டா. மூன்று பேருக்குமாக இருந்து சாப்பிட்டோம். அம்மா, நான் பெருநாள் கொண்டாடினேன்.

உங்கள் மகன்,
மின்ஹாஜ்